சூடேறும் படகு என்ஜின்: காரணமும் பரிகாரமும்

வயலில் இறவைக்கு ஆயில் என்ஜின் எப்படியோ, அப்படியே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் படகு என்ஜின். அது ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கிணற்றடியில் என்ஜின் நின்றால் பயிருக்குத் தண்ணீர் ஒரு நாள் தள்ளிப் போகும். முகத்துவாரத்தில் அலைகளுக்கு நடுவே என்ஜின் நின்றால் படகும் ஆட்களும் ஆபத்துக்குள்ளாக நேரிடும்.

படகு என்ஜின் நடுவழியில் நிற்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று அளவுக்கு மீறிய சூடு. சூடு என்பது நோயன்று, நோயின் அறிகுறி. உடம்பில் காய்ச்சல் கண்டால் காரணத்தைத் தேடுகிறோம். அதுபோல என்ஜின் சூடேறினால் அதன் காரணத்தைக் கண்டு நீக்க வேண்டும். தண்ணீரை ஊற்றிச் சூட்டை மட்டும் அடக்க முயன்றால் என்ஜின் வெடிப்பு விட்டு, கைப்பொருளும் போய்விடும். சூடு ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது, வராமல் எப்படிக் காப்பது என்பவற்றை இங்கே காண்போம். ஆயில் என்ஜின், பவர் டில்லர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏரியின் தன்மை

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. ஆரணியாறு, காளங்கி முதலிய ஆறுகள் இதில் கலக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய ஊர்களின் பிழைப்பு இந்த ஏரியையும் அதை ஒட்டிய கடலையும் நம்பியே நடக்கிறது.

முன்னாளில் கோலூன்றியும் பாய் விரித்தும் படகுகள் சென்றன. கடலில் கட்டுமரம் ஓடியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் திறந்த கரையில் இறங்கக்கூடிய படகுகளில் சிறிய டீசல் என்ஜின்களைப் பொருத்திச் சோதனைகள் நடத்தியது. 2004 டிசம்பர் 26-ல் ஏற்பட்ட சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருமளவில் கரைக்கு வந்தன. அவற்றுடன் என்ஜினும் வந்தது. ஆனால் என்ஜினைப் பராமரிக்கும் பழக்கம் அதே வேகத்தில் வந்ததாகச் சொல்ல முடியாது.

இந்த ஏரியில் என்ஜினுக்குச் சோதனை அதிகம். காரணங்கள் மூன்று. முதலாவது, ஏரி ஆழமற்றது. பெரும்பாலான இடங்களில் ஆள் மட்டத்துக்குக் குறைவாகவே நீர் இருக்கிறது. இரண்டாவது, அடியில் சேறும் பாசியும் நிறைந்துள்ளன. மூன்றாவது, நீரின் உப்பு ஒரே நிலையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீர் கலந்து உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு நீர் வற்றும்போது, சில இடங்களில் கடல்நீரைவிட அதிகமாக உப்பேறி விடுகிறது. சேறு, பாசி, உப்பு ஆகிய மூன்றும் என்ஜினின் குளிர்ச்சிக்குப் பகைவர்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 8,600 கிலோ கலோரி வெப்பம் உண்டாகிறது. சிறிய என்ஜினில் இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் படகைத் தள்ளும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக் குழாய் வழியே வெளியேறுகிறது. மீதமுள்ள ஏறத்தாழ ஒரு பங்கு சிலிண்டரின் சுவரிலும் ஹெட்டிலும் ஆயிலிலும் ஏறுகிறது. இந்தக் கடைசிப் பங்கைக் காற்றோ நீரோ உடனுக்குடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

இந்த ஒரு பங்கு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். 10 குதிரைசக்தி டீசல் என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கிறது. அப்படியானால் மணிக்கு 80 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டை அந்தச் சிறு என்ஜின் வெளியே தள்ளியாக வேண்டும். சூடு போகும் வழி பாதி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம்.

சூடு மிகும்போது ஆயில் நீர்த்துப் போகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள மெல்லிய ஆயில் படலம் அறுந்துவிடுகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரை உராய்கிறது. இதற்குப் பிறகும் ஓட்டினால் என்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பிஸ்டன், ரிங், சிலிண்டர் ஆகியவற்றை மொத்தமாக மாற்ற வேண்டி வரும். பல நாள் மீன்பாட்டின் வருமானத்தை இந்த ஒரு செலவே விழுங்கிவிடும்.

உங்கள் என்ஜின் எந்த வகை?

பரிகாரம் வகைக்கு வகை மாறுவதால், முதலில் தம் என்ஜின் எவ்வகை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

(1) காற்றால் குளிரும் டீசல் என்ஜின்: பைபர் படகுகளில் நீண்ட ஷாப்டுடன் பொருத்தப்படும் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் பெரும்பாலானவை இவ்வகையே. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். பிளைவீலுடன் சுழலும் விசிறி, தகர உறையின் வழியே காற்றை இத்தகடுகளுக்கு இடையில் செலுத்துகிறது.

(2) நீரால் குளிரும் டீசல் என்ஜின்: நல்ல நீரைத் தொட்டியிலோ ரேடியேட்டரிலோ நிரப்பி ஓட்டுவது இவ்வகை. வயலில் உள்ள ஆயில் என்ஜின்களிலும் பவர் டில்லர்களிலும் இம்முறையைக் காணலாம்.

(3) அவுட்போர்டு என்ஜின்: படகின் பின்புறம் தொங்கவிடப்படும் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் என்ஜின். நீருக்குள் இருக்கும் கால் பகுதியில் உள்ள சிறு துவாரங்கள் வழியே ஏரிநீரையோ கடல்நீரையோ ரப்பர் இதழ்கள் கொண்ட பம்ப் மேலே ஏற்றுகிறது. குளிர்ச்சி சரியாக நடந்தால் பக்கத்திலுள்ள சிறு துளை வழியே நீர் தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். இந்தத் தாரைதான் இவ்வகை என்ஜினின் நாடித்துடிப்பு.

சூடேறக் காரணங்கள்

அ) அதிகச் சுமை: பழவேற்காட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. ஆழமற்ற நீரில் படகு வேகமாகச் செல்லும்போது அதன் பின்பகுதி தாழ்ந்து இழுவை கூடுகிறது. புரொப்பெல்லர் சேற்றைக் கலக்கினால் சுமை மேலும் ஏறுகிறது. பாசியோ, அறுந்த வலையோ, நைலான் கயிறோ புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டாலும் இதே விளைவுதான். படகின் அடியில் கொட்டலசும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும், அளவுக்கு மேல் வலையும் ஆட்களும் ஏறினாலும் என்ஜின் திணறும். வேகம் கூட வேண்டும் என்று தயாரிப்பாளர் குறித்த அளவைவிடப் பெரிய புரொப்பெல்லரைப் பொருத்துவதும் தவறு.

இங்கே ஒரு கணக்கை நினைவில் கொள்வது நல்லது. புரொப்பெல்லரின் சுழற்சியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், என்ஜினின் சுமை பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை. ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் குறைகிறது. சுழற்சியைப் பாதியாக்கினால் சுமை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகையால் சூட்டைத் தணிக்க மீனவரின் கையிலேயே உள்ள முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. இதற்குச் செலவு ஏதுமில்லை. டீசலும் மிச்சமாகும்.

ஆ) குளிர்ச்சி வழி அடைபடுதல்: காற்றால் குளிரும் என்ஜினில், கசிந்த ஆயிலும் உப்புத் தூவானமும் மீன் செதிலும் தூசியும் சேர்ந்து தகடுகளுக்கு இடையே களிமண்போல் அப்பிக்கொள்கின்றன. காற்று நுழைய இடமில்லாமல் போகிறது. "கழற்றி மாட்டத் தொந்தரவு" என்று சிலர் தகர உறையை எடுத்தெறிந்து விடுகிறார்கள். உறை இல்லாவிட்டால் விசிறிக் காற்று தகடுகளுக்குள் போகாமல் வெளியே சிதறிவிடும். திறந்திருப்பதால் நன்றாகக் குளிரும் என்று எண்ணுவது சரியன்று.

அலைத்தெறிப்பிலிருந்து காப்பதற்காக என்ஜினைப் பலகைப் பெட்டியாலோ தார்ப்பாயாலோ மூடி ஓட்டுவதும் வழக்கத்தில் உள்ளது. வெளியேறிய சூடான காற்றையே விசிறி திரும்பத் திரும்ப உறிஞ்சினால் குளிர்ச்சி எப்படிக் கிட்டும்? காற்று முதுகுப் பக்கமிருந்து வீசி, படகும் ஏறத்தாழ அதே வேகத்தில் செல்லும்போது என்ஜினைச் சுற்றியுள்ள சூடு விலகாமல் கூடவே வரும். அத்தகைய நேரங்களில் கூடுதல் கவனம் தேவை.

அவுட்போர்டு என்ஜினில் உறிஞ்சும் துவாரங்களைப் பாசியும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்கின்றன. சேற்று நீரில் உள்ள மணல் பம்பின் ரப்பர் இதழ்களைத் தேய்க்கிறது. கடல்நீர் உள்ளே சூடேறும்போது உப்பும் சுண்ணாம்பும் நீர்வழிகளில் படிகின்றன. எவ்வளவு சூடாக ஓடுகிறதோ அவ்வளவு அதிகமாகப் படியும். படியப் படியச் சூடும் கூடும். தொட்டி அல்லது ரேடியேட்டர் வைத்த என்ஜினில் நீர் குறைவதும், உவர்நீரை ஊற்றுவதும், ரப்பர் குழாய் வெடிப்பதும், விசிறிப் பட்டை தளர்வதும் முக்கியக் காரணங்கள்.

இ) ஆயில் குறைவு: ஆயில் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் சுமந்து செல்கிறது. அளவு குறைந்தால் இரண்டு வேலையும் கெடும். ஆழம் குறைந்த இடங்களைத் தாண்டுவதற்காக ஷாப்டைத் தூக்கும்போது என்ஜினும் சாய்கிறது. ஆயில் ஏற்கெனவே குறைவாக இருந்து, சாய்ந்த நிலையில் நெடுநேரம் ஓட்டினால், ஆயில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடலாம்.

ஈ) எரிபொருள் கோளாறு: இஞ்செக்டர் நாசில் பழுதாகி டீசல் பூந்துளியாகத் தூவாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் எரிதல் தாமதமாகும். பிஸ்டன் தலையும் புகைக் குழாயும் அளவுக்கு மேல் சூடேறும். டீசல் பம்பின் டைமிங் தவறினாலும் இவ்வாறே. வேகம் பெறுவதற்காகச் சீல் வைத்த டீசல் அளவுத் திருகைத் திருப்பி அதிக டீசல் விடுவது மிகத் தவறு. அது புகையாகவும் சூடாகவும் போகுமே தவிர வேலையாக மாறாது. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் கூடாது. பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே வழவழப்புத் தருகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு போதாது. அடைபட்ட ஏர் பில்டரும், கரி பிடித்த சைலன்சரும் என்ஜினுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

அறிகுறிகள்

என்ஜின் சொல்லாமல் நிற்பது அரிது. கீழ்க்கண்டவற்றில் எது தென்பட்டாலும் உடனே கவனிக்க வேண்டும்.

1. பெயிண்டும் ஆயிலும் கருகும் வாடை.
2. வேகக் கம்பியைத் தொடாமலே சுழற்சி தானாகக் குறைதல். இது மிக முக்கியமான எச்சரிக்கை.
3. தொடர்ந்து கரும்புகை வருதல். இது பெரும்பாலும் சுமை அதிகம் என்பதைக் காட்டும்.
4. வழக்கத்துக்கு மாறான தட்டும் ஓசை அல்லது கிறீச்சிடும் ஓசை.
5. அவுட்போர்டில் நீர்த்தாரை மெலிதல், நிற்றல், அல்லது ஆவியாக வருதல்.
6. தொட்டி அல்லது ரேடியேட்டரில் நீர் வேகமாகக் குறைதல். மூடியில்லாத தொட்டியில் நீர் ஆவியாவது இயல்பே. நீர்மட்டம் குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

என்ஜினின் ஓசைக்குப் பழகிய காது இந்த மாறுதலை உடனே உணரும். ஆகவே ஓட்டுபவர் செல்போனில் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு ஓட்டுவது உசிதமன்று.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

எல்லா வகைக்கும் பொதுவானது: முதலில் படகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பிறகு என்ஜினைப் பாருங்கள். அலை உடையும் இடத்திலோ, பாறை, பாடு வலைக் கம்புகள், பிற படகுகள் அருகிலோ இருந்தால் மெதுவாக விலகிப் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். நங்கூரத்தைப் போட்ட பின்னரே பழுது பார்க்கத் தொடங்க வேண்டும்.

காற்றால் குளிரும் என்ஜினில்: வேகத்தை முற்றிலும் குறைத்து, சுமையின்றி மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். விசிறி சுழன்றுகொண்டே இருப்பதால் சூடு சீராக இறங்கும். முழு வேகத்திலிருந்து சட்டென நிறுத்தினால் விசிறியும் நின்றுபோய், உள்ளிருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். சூடு தணிந்ததும் நிறுத்தி, மூடியிருக்கும் பெட்டியையோ தார்ப்பாயையோ எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆயில் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தாலோ, என்ஜின் கிறீச்சிட்டு இறுகத் தொடங்கினாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

நீரால் குளிரும் என்ஜினில்: தொட்டியில் நீர் இருந்தால் குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். நீர் முழுவதும் போயிருந்தால் உடனே நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. உள்ளிருந்து கொதிநீரும் ஆவியும் பீய்ச்சி அடித்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறக்கவும். பிறகு நல்ல நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும்.

அவுட்போர்டு என்ஜினில்: நீர்த்தாரை நின்றால் என்ஜினையும் நிறுத்திவிடுங்கள். காலைத் தூக்கி, உறிஞ்சும் துவாரத்தில் உள்ள பாசியையும் பிளாஸ்டிக்கையும் அகற்றுங்கள். தாரை வரும் சிறு துளையில் மெல்லிய நைலான் நரம்பை விட்டு அடைப்பை நீக்குங்கள். நன்றாக ஆறியபின் கிளப்பி, தாரை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பம்பின் ரப்பர் இதழ்கள் பழுதாகியிருக்கும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

புரொப்பெல்லரில் சுற்றியதை அறுக்கும்போது என்ஜின் முழுவதும் நின்றிருக்க வேண்டும். ஓடும் நிலையில் கையை அருகே கொண்டுபோகக் கூடாது.

முகத்துவாரத்தில் எச்சரிக்கை

கடலிலிருந்து திரும்பும்போதே என்ஜினில் சூட்டின் அறிகுறி தெரிந்தால், அந்த என்ஜினை நம்பி முகத்துவாரத்துக்குள் நுழையக் கூடாது. மணல்மேட்டின் மேல் அலை உடையும் அந்தக் குறுகிய தூரத்தில்தான் என்ஜினுக்கு முழுச் சக்தி தேவைப்படுகிறது. பலவீனப்பட்ட என்ஜின் அங்கேதான் நிற்கும். ஆகவே அலை உடையாத ஆழத்தில் வெளியே நங்கூரமிட்டு, என்ஜினை நன்கு ஆறவிட்டு, காரணத்தைச் சரிசெய்த பின் நுழைய வேண்டும். சந்தேகமிருந்தால் மற்றொரு படகின் துணையுடன் உள்ளே வருவது மேல். அரை மணி தாமதத்தால் மீனின் விலை சற்றுக் குறையலாம். உயிருக்கு விலை இல்லை.

அலைகளுக்கு நடுவே என்ஜின் நின்றுவிட்டால், உடனே அணியத்திலிருந்து நங்கூரத்தை விட வேண்டும். அப்போதுதான் படகு அலைக்குத் தலை கொடுத்து நிற்கும். பின்பக்கமிருந்து நங்கூரம் விட்டால் அலை படகுக்குள் ஏறும். என்ஜினைப் பார்க்கிறோம் என்று எல்லோரும் பின்பக்கம் கூடுவதும் இதே ஆபத்தை உண்டாக்கும். ஒருவர் மட்டும் என்ஜினைப் பார்க்க, மற்றவர்கள் நடுவிலும் முன்பக்கமும் தாழ்ந்து உட்கார வேண்டும். உயிர்காப்புக் கவசத்தை முகத்துவாரத்தை நெருங்கும் முன்பே அணிந்துகொள்ள வேண்டும்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதும், உயிர்காப்புக் கவசம் இல்லாததும் காரணங்களாக அப்போது கூறப்பட்டன. அதிகச் சுமை, படகையும் என்ஜினையும் ஒருசேரக் கெடுக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கடலில் உதவி தேவைப்பட்டால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையும் அழைக்கலாம். இவ்விரு எண்களையும் படகின் உட்புறம் பெயிண்டால் எழுதி வைப்பது நல்லது.

செய்யக் கூடாதவை

* சூடான என்ஜின் மேல் கடல்நீரையோ நல்ல நீரையோ ஊற்றக் கூடாது. சிவக்கக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரைக் கொட்டினால் கல் விரிசல் விடுவதுபோல, சிலிண்டரும் ஹெட்டும் வெடிப்பு விடும்.
* காற்றால் குளிரும் என்ஜின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தக் கூடாது. அது காற்று செல்லும் வழியை அடைத்துவிடும்.
* தீர்ந்துபோன ஆயிலுக்குப் பதிலாகச் சமையல் எண்ணெய், பழைய கழிவு ஆயில் முதலியவற்றை ஊற்றி ஓட்டக் கூடாது.
* இறுகிப்போன என்ஜினைக் கைப்பிடியால் பலம்கொண்டு சுற்றக் கூடாது.
* அவுட்போர்டு என்ஜினைக் கரையில் தண்ணீரின்றிக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. சில நொடிகளிலேயே ரப்பர் இதழ்கள் கருகிவிடும்.

மீண்டும் கிளப்பும் முன்

என்ஜின் ஆறிய பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் அதே வகை ஆயிலை ஊற்றி நிரப்புங்கள். ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்; அந்த என்ஜினை ஓட்டக் கூடாது. டிகம்பிரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, கையால் மெதுவாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் கிளப்பலாம். எங்காவது உராய்ந்தாலும் இறுகினாலும் படகைக் கயிறு கட்டி இழுத்து வருவதே சரி. கிளம்பிய என்ஜினையும் கரை சேரும் வரை பாதி வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். கரை சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் காட்டி, சூட்டுக்கான காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மறுநாள் தொழிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு முறை சூடேறி ஆறிய என்ஜின், காரணம் நீங்காதவரை மறுபடியும் சூடேறியே தீரும்.

வருமுன் காத்தல்

தினந்தோறும்: புறப்படும் முன் படகு சமமாக நிற்கும்போது ஆயில் அளவைப் பாருங்கள். விசிறியின் வாயில் துணி, சருகு, வலை நூல் சிக்கியிருந்தால் நீக்குங்கள். நீர்த் தொட்டியை நிரப்புங்கள். திரும்பி வந்ததும் என்ஜினை ஆறவிட்டு, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். அவுட்போர்டு என்ஜினின் காலை நல்ல நீர் நிரப்பிய டிரம்மில் முக்கிப் பத்து நிமிடம் மெதுவான வேகத்தில் ஓட்டினால் உள்ளே உள்ள உப்பு கரைந்து வெளியேறும்.

வாரம் ஒரு முறை: தகர உறையைக் கழற்றி, குளிர்ந்த நிலையில், தகடுகளின் இடைவெளியில் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்து, மரக் குச்சியால் அழுக்கைக் கிளறி எடுங்கள். நன்கு துடைத்து உலர்ந்த பின் உறையைத் தவறாமல் மாட்டுங்கள். ஏர் பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். ஆயில் கசியும் இடங்களைக் கண்டு அடையுங்கள். கசிவு இல்லாவிட்டால் அழுக்கும் எளிதில் ஒட்டாது. படகைக் கரையேற்றும்போது புரொப்பெல்லரின் இதழ் வளைந்துள்ளதா என்றும் பாருங்கள்.

ஆயில் மாற்றுதல்: தயாரிப்பாளரின் கையேட்டில் கூறியுள்ள தரமும் மணிக்கணக்குமே சரியானவை. கையேடு இல்லாதவர்கள் பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றலாம். நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஒரு நோட்டில் குறித்து வந்தால் கணக்குத் தவறாது. டீசல் செலவையும் அதிலேயே எழுதி வாருங்கள். வழக்கமான தூரத்துக்கு டீசல் கூடுதலாகச் செலவானால், சூடு தெரிவதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு முறை: முகத்துவாரம் அடைபட்டுத் தொழில் குறையும் கோடை மாதங்களில் நாசில், வால்வு, சைலன்சர் கரி, டைமிங் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அவுட்போர்டு பம்பின் ரப்பர் இதழ்களைத் தேய்மானம் பார்த்து மாற்றிவிட வேண்டும். படகின் அடியில் ஒட்டிய கொட்டலசையும் இப்பருவத்திலேயே சுரண்டி எடுத்துவிடலாம்.

என்ஜினைப் பெட்டி போட்டு மூட வேண்டியிருந்தால், விசிறி உறிஞ்சும் பக்கம் ஒன்றும், சூடான காற்று வெளியேறும் பக்கம் ஒன்றுமாக இரு திறப்புகள் விட வேண்டும். எந்தத் திறப்பும் விசிறி வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வெளியேறும் காற்று மீண்டும் உள்ளே வராதபடி இடையே ஒரு பலகையை வைத்துத் தடுக்கவும்.

கூட்டாகச் செய்தால் செலவு குறையும்

"ஐயா, குடிக்கவே நல்ல தண்ணி குடத்துக்கு அலையுறோம், என்ஜினைக் கழுவ எங்கே போறது?" என்று பயிற்சிகளில் மீனவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். துணியால் துடைக்க அரை வாளி நீர் போதும். அவுட்போர்டு என்ஜின்களுக்கு நான்கைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம் நீரைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். நீர் உப்புக் கரிக்கும் வரை அதையே பல முறை பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் கூரை நீரைப் பிடித்து வைத்தால் குடிநீரைத் தொட வேண்டியதே இல்லை.

ஏரியில் பாடு முறை வைத்து, இன்னார் இன்ன நாள் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று தலைமுறைகளாக ஒழுங்கு காத்து வரும் ஊர்கள் இவை. அதே ஒழுங்கை என்ஜின் பராமரிப்புக்கும் கொண்டுவருவது கடினமன்று. ஸ்பானர் செட், நாசில் ஒன்று, விசிறிப் பட்டை, ரப்பர் இதழ்கள், கேஸ்கட் ஆகியவற்றைச் சில படகுக்காரர்கள் கூட்டாக வாங்கிக் கரையில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படகிலும் ஒரு லிட்டர் ஆயில், கூரிய கத்தி, டார்ச் விளக்கு, போதிய நீளக் கயிறுடன் நங்கூரம், இழுவைக் கயிறு, துடுப்பு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். குப்பத்துக்கு இரண்டு இளைஞர்களாவது என்ஜின் பராமரிப்பில் பயிற்சி பெற்றால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகும். இதற்கு மீன்வளத்துறை அலுவலகத்தையும், பொன்னேரியிலுள்ள மீன்வளக் கல்லூரியையும் அணுகிக் கேட்கலாம். சென்னை ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்வளப் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளையும் உள்ளது.

ஆயில் என்ஜின் வைத்துள்ள விவசாயிகளுக்கு

மேலே கூறியவற்றில் உப்பு ஒன்றைத் தவிர மற்ற யாவும் வயலுக்கும் பொருந்தும். சன்னல் இல்லாத சிறு கொட்டகைக்குள் ஓடும் என்ஜின், பெட்டிக்குள் அடைபட்ட படகு என்ஜினுக்குச் சமம். கொட்டகையில் எதிரெதிராகத் திறப்பு விட்டு, புகைக் குழாயை வெளியே நீட்டுங்கள். வைக்கோல் தூசியும் உமியும் தகடுகளை அடைக்கும். கிணற்று நீர் மட்டம் இறங்கும்போதும், புட்வால்வு அடைபடும்போதும் பம்பில் ஏற்படும் கோளாறை என்ஜின் கோளாறு என்று எண்ணி டீசல் திருகைத் திருப்ப வேண்டாம். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை இங்கும் கைவிட வேண்டும்.

நினைவில் கொள்ள

சூடு தெரிந்தவுடன் வேகத்தைக் குறைக்கவும். பாதுகாப்பான இடத்தில் நங்கூரமிடவும். தண்ணீர் ஊற்றாமல் ஆறவிடவும். ஆயில், குளிர்ச்சி வழி, புரொப்பெல்லர் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பார்க்கவும். காரணம் தெரியாமல் முகத்துவாரத்தில் நுழைய வேண்டாம். நாள்தோறும் பத்து நிமிடம் என்ஜினுக்காக ஒதுக்கும் மீனவருக்கு, அது பல ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும்.